சாக்கடையின் நடுக்கோடு

மாநகராட்சிக் காகிதங்களில் அது கால்வாய். குடியிருப்பில் சாக்கடை. அகலம் ஐந்தடி. ஆழம் இடுப்பளவு. பாலத்தில் தொடங்கி வளைவு வரை அறுநூற்றைம்பது அடி. அதன் நடுவில் ஒரு கோடு போகிறது. கோட்டை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அதற்கு வடக்கே பதினேழாம் வார்டு, தெற்கே பதினெட்டாம் வார்டு.

தையல்காரியின் வீடு தென்கரையில் மூன்றாவது வாசல். போன மழைக்காலத்தில் ஒரு நாள் தெருவில் தண்ணீர் முட்டி வரை நின்றது. தெரு எது, சாக்கடை எது என்று தெரியவில்லை. வேலை முடிந்து வந்த அவள் கணவன் வலது காலைத் தெருவில் வைத்தான். இடது கால் சாக்கடைக்குள் போனது. எலும்பு மூன்று இடத்தில் முறிந்தது. அவன் பேருந்து ஓட்டுநர்.

"போயும் போயும் கிளட்ச் மிதிக்கிற கால்தான் போகணுமா?" என்றான் மருத்துவமனைக் கட்டிலில். "பிரேக் கால் போயிருந்தா சமாளிச்சிருப்பேன். அதை நான் எங்க மிதிச்சேன்?"

அவள் சிரிக்கவில்லை. கால் ஒரு மாதிரி கூடியது, பேருந்துக்கு ஆகாத மாதிரி. இப்போது அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவள் தைக்கும் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறான். நான்கு துளைப் பொத்தானில் மூன்று துளையோடு நிறுத்திவிடுகிறான். அவள் பிரித்துத் திரும்பத் தைக்கிறாள்.

சாக்கடையை மூட வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வடகரையாரிடம் போனாள். பதினேழாம் வார்டின் மாநகராட்சி உறுப்பினர்.

"பாதி சாக்கடை என்னோடது, மறுபாதி அவரோடது," என்றார் அவர். "என் பாதியை மூட நான் எப்பவும் ரெடி. அவரைக் கேளும்மா."

தென்கரையாரிடம் போனாள். பதினெட்டாம் வார்டு.

"அவரைக் கேட்டியா?"

"கேட்டேன். உங்களைக் கேக்கச் சொன்னார்."

"பாத்தியா. எவ்வளவு மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

இருவரும் மேடையில் எதிரிகள். வீட்டில் சம்பந்திகள். இவர் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறார். மாலையில் மைக்கில் திட்டிக்கொண்டவர்கள் மறுநாள் ஒரே தொட்டிலை ஆட்டுவார்கள்.

வடகரையார் வெறும் வாய்ப்பேச்சு ஆள் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் உண்மையாகவே தன் பாதியை மூடினார். வடகரையிலிருந்து நடுக்கோடு வரை நீட்டிக்கொண்டு நான்கு சிமெண்ட் சிலாப் வைத்தார்கள். மறுமுனையைத் தாங்க ஒன்றுமில்லை. காலையில் புகைப்படம் எடுத்தார்கள். மாலையில் நான்கும் உள்ளே விழுந்தன. இன்றும் சேற்றில் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கின்றன. "கால்வாய் மூடும் பணி நிறைவு" என்று படத்தோடு துண்டறிக்கை வந்தது. அடுத்த மாதம் தென்கரையாரும் ஒரு துண்டறிக்கை விட்டார். அதே படம். இடம் வலமாகத் திருப்பி அச்சிட்டிருந்தது.

கணவனின் தம்பி மாநகராட்சி வரைபடப் பிரிவில் வரைவாளர். அலுவலகத்தில் அவனுக்கு 'ஸ்கேல்' என்று பெயர். வரைபடத்தில் பொய் எழுதமாட்டான். பெண் பார்த்துவிட்டு வந்த வாரம், பெண்ணின் அப்பா தெருவை ஆக்கிரமித்துக் கட்டிய குளியலறையைச் சிவப்பு மையில் குறித்தான். கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. குளியலறையை இடித்த பிறகுதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவன் வந்தான்.

"அண்ணி, வார்டு எல்லையை மாத்தப் போறாங்க. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துவாங்க. இந்த வருஷம் அந்த வருஷம்."

"மாத்தினா எங்களுக்கு என்ன?"

அவன் பொத்தான் பெட்டியை இழுத்தான். இரண்டு தட்டு கேட்டான்.

"ஒரு பொத்தான் நூறு ஓட்டு. ஒரு வார்டுக்கு அறுபது பொத்தான். நம்ம குடியிருப்பு மொத்தம் இருபத்து நாலு. கறுப்புப் பொத்தான்னு வைங்க." பன்னிரண்டு கறுப்பை ஒரு தட்டிலும் பன்னிரண்டை இன்னொன்றிலும் போட்டான். மேலே வெள்ளையைக் கொட்டினான். "அறுபதுல பன்னெண்டு. இது இல்லாமலே ஜெயிக்கலாம். அப்புறம் எவன் வந்து எட்டிப் பார்ப்பான்?"

"இருபத்து நாலும் ஒரே தட்டுல கிடந்தா?"

"அந்தத் தட்டுல நம்மளை விடப் பெரிய கூட்டம் கிடையாது. வாசல்ல வந்து நிப்பாங்க."

"நிக்கட்டும்," என்றான் கணவன். "சாக்கடைக்குள்ள நிக்கட்டும். ஆழம் தெரியும். டேய், வெள்ளையையும் கறுப்பையும் நீயே பிரிச்சு வச்சிட்டுப் போ."

அவள் இயந்திரத்தை நிறுத்தவில்லை. "அப்ப கோட்டைத் தள்ளிப் போடு."

"நான் போட முடியாது அண்ணி. நான் வரையறவன். எல்லைன்னா பார்த்ததும் தெரியிற அடையாளமா இருக்கணும். விதி ஒன்பது. ஆறு, ரயில் பாதை, பெரிய ரோடு, திறந்த கால்வாய்."

"மூடின கால்வாய்?"

"அது எப்படி ஆகும்? கண்ணுக்கே தெரியாதே. அப்ப கோடு அடுத்த அடையாளத்துக்குப் போயிடும். வடக்கே பெரிய ரோட்டுக்கு. குடியிருப்பு மொத்தமும் பதினெட்டுல வந்துடும். எண்ணிக்கையைச் சரிக்கட்டச் சந்தைத் தெரு பதினேழுக்குப் போகும்."

"மூடினா கோடு போயிடும்."

"ஆமா."

"கோடு இருக்கிறதால மூட மாட்டாங்க."

"ஆமா."

"இதைக் கண்டுபிடிச்சவனுக்குச் சிலை வைக்கணும்," என்றான் கணவன். "நடுக்கோட்டுலயே வைக்கணும். ஆளுக்குப் பாதி."

அவள் ஒரு சட்டைக் கையைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தாள்.

"எப்படிப் பார்ப்பாங்க? மேப்பைப் பார்ப்பாங்களா?"

"எல்லை அதிகாரி நேர்ல வர்றார். வர்ற வியாழன், பத்து மணிக்கு. நானும் கூட வர்றேன். விதி பதினொண்ணு. ஆய்வு நாள்ல கண்ணால பார்த்ததுதான் ஆதாரம்."

"சாக்கடை அகலம் எவ்வளவு?"

"அஞ்சடி."

"கதவு உயரம்?"

"எந்தக் கதவு?"

அவள் வாசல் கதவைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். போன வருடம் அதற்கு நீல வர்ணம் அடித்தவன் அவன்தான்.

"ஆறரை," என்றான். பிறகு டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான். "அண்ணி, நீங்க கேட்டது என் காதுல விழலை."

"நான் என்ன கேட்டேன்? அளவுதானே கேட்டேன். தையல்காரி வேற எதைக் கேப்பா?"

அன்று மாலையே வடகரையில் இருந்த தச்சரிடம் போனாள். அவர் தரையில் குந்தி விரலால் கணக்குப் போட்டார். கதவின் அகலம் இரண்டரை அடி. நீளம் அறுநூற்றைம்பது. இருநூற்று அறுபது கதவு.

"கீல் கழட்ட என்கிட்ட நாலு திருப்புளி இருக்கு. கதவுக்கு நீ பொறுப்பு," என்றார்.

அவள் வீடு வீடாகப் போனாள். எண்ணூறு வீடு. பாதி பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் கேள்வி கேட்டார்கள்.

"கதவைக் கொடுத்துட்டு வீட்டைத் திறந்து போடச் சொல்றியா?"

"உன் வீட்டுல திருட என்னக்கா இருக்கு?"

"மானம் இருக்கேடி."

"அதுக்குத் திரை தச்சுத் தர்றேன்."

சிலர் கொல்லைக் கதவைத் தருவதாகச் சொன்னார்கள். வாசல் கதவைத் தந்தவர்கள் அவர்களை ஏளனமாகப் பார்த்தார்கள். மாடிவீட்டுக்காரர் தன் கதவு தேக்கு, அதை நடுவில்தான் போட வேண்டும், ஓரத்தில் போட்டால் தரமாட்டேன் என்றார். நடு எது என்று கேட்டாள். பாலத்திலிருந்து முன்னூற்று இருபத்தைந்தாவது அடி என்று அவரே அளந்து வைத்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் உடனே தன் கதவும் தேக்குதான் என்றார். தட்டிப் பார்த்தார்கள். இல்லை. இந்த வழக்கு புதன்கிழமை வரை நடந்தது.

வியாழன் விடிந்ததும் கீல்களைக் கழற்றினார்கள். கதவு இன்னும் மாட்டப்படாத வீடு போலக் கரையோரத்தில் ஒவ்வொரு வீடும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஒன்பது மணிக்கு இருநூற்று அறுபது கதவும் சாக்கடை மேல் படுத்திருந்தன. கைப்பிடிகளைக் கழற்ற நேரம் போதவில்லை. மண் கொட்டி மிதித்தார்கள். மேலே சைக்கிள், தள்ளுவண்டி, துணி காயும் கொடி. தையல்காரி தன் இயந்திரத்தைக் கொண்டுவந்து தன் நீலக் கதவின் மேல் வைத்தாள். நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நடுக்கோடு அவள் கால்களுக்கு நடுவில் போனது.

பத்து மணிக்கு எல்லை அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர். பளபளக்கும் காலணி. கக்கத்தில் விதிப் புத்தகம். பின்னால் ஸ்கேல், வரைபடச் சுருளும் அளவு நாடாவுமாக.

சம்பந்திகள் இருவரும் பாலத்தில் முன்பே வந்து நின்றார்கள். சாக்கடையைக் காட்டுவதற்காக வந்தவர்கள். கோடு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்பதில் மட்டும் அவர்களுக்குக் கருத்து வேற்றுமை இல்லை. சாக்கடை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கால்வாய் எங்கே?" என்றார் அதிகாரி.

அவர் ஒரு கதவின் மேல் ஏறினார். காலால் தட்டினார். டொக் என்றது.

"மூடியிருக்கு போல. சிமெண்ட் சத்தம் இல்லையே?"

"புது ரகம் சார். கனம் இருக்காது," என்றார் தச்சர்.

அதிகாரி நடந்தார். பத்தாவது கதவில் மண் கொஞ்சம் விலகியிருந்தது. 'நாய் ஜாக்கிரதை' என்று தரை அவரிடம் சொன்னது. நின்றார். இடம் வலம் பார்த்தார். நாயைக் காணவில்லை. எதற்கும் ஓரமாகவே நடந்தார்.

"மூடியும் நாத்தம் போகலையே."

"இருபது வருஷ நாத்தம் சார்," என்றான் கணவன், கதவில்லாத வாசலில் ஊன்றுகோலோடு நின்று. "பழகின இடம். விட்டுட்டுப் போக மனசு வரலை."

அதிகாரி அவன் பின்னால் வீட்டுக்குள் பார்த்தார். அடுத்த வீட்டுக்குள் பார்த்தார். தெரு முழுக்கப் பார்த்தார்.

"என்ன இது? ஒரு வீட்டுலயும் கதவே இல்லை?"

தையல்காரி தைப்பதை நிறுத்தினாள்.

"எதுக்கு சார் கதவு? எல்லாரும் ஒண்ணுமண்ணாப் பழகுறவங்க. இந்தக் கரை அந்தக் கரைன்னு நாங்க பார்க்கிறதில்லை."

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "விதி நாலு," என்றார் மெதுவாக. "ஒரே சமூகமா வாழற பகுதியைப் பிரிக்கக் கூடாது. இருபது வருஷ சர்வீஸ்ல இந்த விதிக்கு உதாரணம் இன்னைக்குத்தான் பார்க்கிறேன்." அதைக் குறித்துக்கொண்டார். பிறகு சம்பந்திகள் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நீளத்துக்கு மூடின கால்வாய் இந்த நகரத்துலயே இல்லை. அருமையான வேலை. யார் பண்ணினது?"

வடகரையார் தொண்டையைச் செருமினார்.

"என்னோட சின்ன முயற்சிதான் சார்."

"சம்பந்தி, கொஞ்சம் பொறுங்க," என்றார் தென்கரையார். "பாதி என்னோடது."

"உங்க பாதியை நீங்க எப்ப மூடினீங்க?"

"நீங்க மூடினதுக்கு அடுத்த மாசம்."

"நான் மூடும்போது நீங்க கேஸ் போடறேன்னு சொன்னீங்க!"

"அது மேடையில சொன்னது. அதையெல்லாம் மனசுல வச்சிக்கிறதா?"

காரிலிருந்து துண்டறிக்கைகள் வந்தன. இரண்டு பேருடையதும். அதிகாரி இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரே படம் மாதிரி இருக்கே."

"எதிர்க் கரையில இருந்து எடுத்தது சார்," என்றார் தென்கரையார்.

அதிகாரி எழுதினார். இரு உறுப்பினர்களும் தனித்தனியே உறுதி செய்தனர். இணைப்பு இரண்டு. எழுதும்போதுதான் தென்கரையாருக்கு உறைத்தது. சம்பந்தியின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் ஏதோ சொன்னார். வடகரையாரின் முகம் மாறியது.

"சார், ஒரு நிமிஷம். இது முழுசா மூடினதுன்னு சொல்ல முடியாது..."

"அப்படின்னா இந்த நோட்டீஸ் பொய்யா?"

"பொய்னு சொல்ல முடியாது."

"அப்ப?"

இருவரும் சாக்கடையைப் பார்த்தார்கள். அது தெரியவில்லை.

அதிகாரி ஸ்கேலை அழைத்தார். "மேப்ல திறந்த கால்வாய்னு போட்டிருக்கியே?"

"மேப் பழசு சார்."

"இப்ப உனக்கு என்ன தெரியுது?"

ஸ்கேல் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். அண்ணியின் காலடியில் மண்ணுக்கு நடுவே ஒரு விரற்கடை நீலம் தெரிந்தது. அவள் காலை நகர்த்தி அதை மறைத்தாள்.

"கால்வாய் தெரியலை சார்," என்றான்.

"எழுது."

எழுதினான். 'மூடப்பட்டது.' எழுத்து கோணவில்லை.

ஆட்சேபணைக்கு முப்பது நாள் தந்திருந்தார்கள். அதற்குள் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப வரலாம். முப்பது நாளும் கதவுகள் சாக்கடை மேலேயே கிடந்தன. தையல்காரி இருநூற்று அறுபது திரை தைத்தாள். பழைய போர்வை, மிச்சத் துணி, வடகரையாரின் தேர்தல் பதாகை, எது கிடைத்ததோ அது. காற்றடித்தால் வீட்டுக்குள் நடப்பது தெருவுக்குத் தெரிந்தது. யார் வீட்டில் யார் சமைப்பது, யார் வீட்டில் யார் அழுவது, எல்லாம் தெரிந்தது. சண்டை போடுகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பழகினார்கள். மாடிவீட்டுக்காரர் துணி மடித்து வைப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

இரண்டு ஆட்சேபணை வந்தது. இரண்டும் சம்பந்திகளுடையது. இரண்டுக்கும் அவரவர் துண்டறிக்கையே பதிலாகப் போனது.

முப்பத்தோராம் நாள் அறிவிப்பு வந்தது. கோடு பெரிய ரோட்டுக்குப் போயிருந்தது. குடியிருப்பு மொத்தமும் பதினெட்டாம் வார்டு. அன்றே கதவுகளை எடுத்துக் கழுவினார்கள். எது யாருடையது என்பதில் பாதி தீர்ந்தது, பாதி தீரவில்லை. வடகரைக் கதவு ஒன்று தென்கரை வீட்டில் மாட்டப்பட்டு அங்கேயே இருந்துவிட்டது. தையல்காரியின் நீலக் கதவு ஈரத்தில் ஊதியிருந்தது. முக்கால் பங்கு வந்து நின்றுவிடும்.

அவளையே தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். "எனக்குப் பேச வராது," என்றாள். "பேசறவங்களைத்தான் இருபது வருஷமா பார்த்தோமே," என்றார் தச்சர். கூட்டம் போடவில்லை. திரை தைத்துக் கொடுத்த வீடுகளுக்கு ஒரு முறை போய்வந்தாள். எதிரே சம்பந்திகள் இரண்டு பேரும் நின்றார்கள். வடகரையாருக்கு அது சொந்த வார்டு இல்லைதான். இருந்தாலும் குடியிருப்பின் மேல் இருந்த பாசத்தால் நின்றார். இவர் அவர் ஓட்டையும் அவர் இவர் ஓட்டையும் பிரித்தார்கள். அவள் ஜெயித்தாள்.

பதவியேற்ற மறுநாள் முதல் மனுவை எழுதினாள். கால்வாயை மூட வேண்டும். ஒரே வரி.

பதினேழாம் நாள் பதில் வந்தது. மூன்று வரி. மேற்படி கால்வாய் ஏற்கெனவே மூடப்பட்டுள்ளது. ஒருமுறை மூடியதை மறுமுறை மூட விதியில் இடமில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது.

கணவனிடம் காட்டினாள். அவன் சிரித்தான். சிரிப்பு காலுக்கு இறங்கி வலித்தது. வலியோடும் சிரித்தான்.

"நீ மூடினது. நல்லா அழுத்தி மூடியிருக்கே."

"சிரிக்காதீங்க. மழைக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு."

கொழுந்தனை வரச்சொன்னாள். அவன் கடிதத்தை இரண்டு முறை படித்தான்.

"திறந்துதான் கிடக்குன்னு எழுதினா?" என்றாள்.

"எழுதலாம். ஒரு நகல் எல்லை ஆணையத்துக்குப் போகும். ஆய்வறிக்கை தப்புன்னு ஆகும். கோடு திரும்பி வந்துடும். உங்க பதவி போயிடும் அண்ணி. என் வேலையும் போகும், அது வேற."

"எழுதலைன்னா?"

"மூடினது மூடினதுதான்."

"அடுத்த மழையில எவன் கால்னு சீட்டுப் போட்டுப் பார்க்கலாம்," என்றான் கணவன்.

அவள் இயந்திரத்தில் போய் உட்கார்ந்தாள். யாரோ கொடுத்திருந்த கால்சட்டை. முட்டியில் கிழிசல். திருப்பிப் பார்த்தாள். ஒட்டுத்துணி தேடினாள். பாதியில் கை நின்றது.

"தம்பி, மூடின சாக்கடையில மூடி உடைஞ்சு போனா என்ன பண்ணுவாங்க?"

"பழுதுபார்ப்பு. அதுக்குத் தனிப் படிவம். உறுப்பினர் கையெழுத்துப் போட்டா பொறியாளர் வந்து பார்த்தே ஆகணும்."

"நகல்?"

"எங்கேயும் போகாது. மூடி இருக்குன்னுதானே அர்த்தம்? அறிக்கைக்கு அது ஆதரவுதான்."

"புதுசு கேட்டாத்தானே தர மாட்டாங்க," என்றாள். "ஒட்டுப் போடக் கேப்போம்."

படிவத்தில் 'சேதத்தின் அளவு' என்று ஒரு கட்டம் இருந்தது. 'முழுவதும்' என்று எழுதினாள்.

பொறியாளர் வந்தார். பருத்த மனிதர். வெயில் தாங்காதவர். பாலத்தில் நின்று பார்த்தார். ஸ்கேல் வரைபடத்தை விரித்துப் பிடித்திருந்தான்.

"மூடி எங்கம்மா?"

"உள்ள."

எட்டிப் பார்த்தார். சேற்றில் நான்கு சிலாப்புகள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. வடகரையாரின் பாதி.

"நாலுதான் தெரியுது. மீதி?"

"இறங்கித்தான் பார்க்கணும் சார்," என்றாள். "ஏணி இருக்கு. கொண்டு வரவா?"

பொறியாளர் சாக்கடையைப் பார்த்தார். கறுப்பாக ஒரு குமிழி எழுந்து உடைந்தது. தன் காலணியைப் பார்த்தார்.

"வேண்டாம். மொத்தம் எத்தனை இருந்துச்சுன்னு ரெக்கார்டு இருக்கா?"

தையல்காரி பொய் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் பொறியாளர் கேட்டது ஸ்கேலை. ஸ்கேல் வரைபடத்தைப் பார்த்தான். கரையில் தச்சரோடு நின்ற அண்ணனைப் பார்த்தான். கடைசியில் தச்சரின் திருப்புளியைப் பார்த்தான். அது அவர் காதுக்கு மேல் செருகியிருந்தது.

"ஆய்வு நாள்ல நான் எண்ணிப் பார்த்தேன் சார்," என்றான். "இருநூத்தி அறுபது இருந்துச்சு."

"அளவு?"

"ஆறரைக்கு ரெண்டரை."

"என்னய்யா அளவு இது? கதவு மாதிரி இருக்கே. யார் போட்டது?"

"ரெண்டு உறுப்பினர்களும் போட்டதா அறிக்கையில இருக்கு சார். இணைப்பு ஒண்ணு, இணைப்பு ரெண்டு."

பொறியாளர் துண்டறிக்கைகளைப் பார்த்தார். மறுபடி சேற்றைப் பார்த்தார். ஆய்வறிக்கை எழுதி ஒரு வருடம் கூட ஆகவில்லை. இருநூற்று அறுபதில் நான்குதான் கண்ணுக்குத் தெரிகிறது.

"இதைவிட மட்டமான வேலையை நான் பார்த்ததில்லை," என்றார். அப்படியே எழுதினார். முழுவதும் சேதம். அதே எண்ணிக்கையில் மாற்றித் தரவும். முன்னாள் உறுப்பினர்கள் இருவரிடமும் விளக்கம் கேட்கவும்.

சிலாப்புகள் மழைக்கு ஒன்பது நாள் முன்னால் வந்தன. ஆறரைக்கு இரண்டரை. இருநூற்று அறுபது. கரைக்குக் கரை சரியாக உட்கார்ந்தன. முன்னூற்று இருபத்தைந்தாவது அடியில் மாடிவீட்டுக்காரர் நின்றுகொண்டு, இருப்பதில் வழவழப்பானதை இங்கே போடுங்கள் என்றார். எதிர்வீட்டுக்காரர் எல்லாம் ஒரே சிமெண்ட்தான் என்றார். தட்டிப் பார்த்தார்கள்.

விளக்கம் கேட்ட கடிதத்துக்குச் சம்பந்திகள் தனித்தனியே பதில் எழுதினார்கள். கால்வாயை மூடியது தான் அல்ல, மற்றவர்தான் என்று இருவருமே எழுதியிருந்தார்கள்.

முதல் மழை பெய்தது. தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்று, பிறகு வடிந்தது. கணவன் ஊன்றுகோலை ஊன்றி வடகரைக்குப் போனான். திரும்பி வந்தான். ஒரு வேலையும் இல்லாமல் மறுபடி போனான். தச்சர் வீட்டு வாசலில் நின்று கையாட்டினான். வந்து உட்கார்ந்து காலைத் துடைத்தான்.

சாரல் உள்ளே அடித்தது. அவள் எழுந்து நீலக் கதவைத் தள்ளினாள். முக்காலில் நின்றது. தோளால் இடித்தாள். நகரவில்லை.

"உறுப்பினரம்மா," என்றான் அவன், பொத்தானைக் கையில் எடுத்துக்கொண்டு. "எங்க வீட்டுக் கதவு மூடலை. ஒரு மனு எழுதித் தரட்டுமா?"

"எழுதாதீங்க," என்றாள். "ஏற்கெனவே மூடியாச்சுன்னு பதில் வரும்."